பதின்மூன்றாவது ஃபாரம்

...இல்லை, அத்தான் மெதுவாகத்தான் படிப்பார், லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, எதையும் வயர் வயராகப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார், ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம், கண்ணாடி துடைக்கிற நேரத்தைக் கழித்தால் எட்டு, புத்தகத்தைக் கொடுத்து இருபத்தைந்து நாள், எட்டு இருபத்தைந்து இருநூறு... இருநூறு! அப்படியானால் நேற்று ராத்திரியோ இன்று காலையோ அவர் கடைசிப் பதினாறு பக்கத்துக்குள் நுழைந்திருக்கிறார், இந்த பஸ்ஸானால் கல்யாணப் பெண் மாதிரி ஒவ்வோர் அடியாக எடுத்து வைக்கிறது, புரூஃப் சார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்காவது தடவையாக அத்தானின் நம்பரை அழுத்தினார். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. அச்சகத்தில் இவருக்கு அதுதான் பெயர், புரூஃப் சார், அப்பா அம்மா வைத்த பெயரைச் சம்பளப் பட்டியல் மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. இருபத்தாறு வருடமாக மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற காகிதத்தில் பிழை பார்க்கிற வேலை, தலைசுற்றல், வாய் உலர்தல், அரிதாக மரணம், அதில் 'அரிதாக' விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம். எல்லா மருந்துக்கும் பக்கவிளைவைப் பொடி எழுத்தில் போடுகிறார்கள், புத்தகத்துக்கு மட்டும் எவனும் போடுவதில்லையே, ஏன்? போட்டிருந்தால் இந்த மாதிரி அரைகுறை வைத்தியன்கள் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நாவல் எழுதிக் கொடுத்துக்கொண்டு திரிவார்களா?

ஆமாம், திரிந்தார். பல் டாக்டர் வாயில் கருவியை வைத்திருக்கும்போதே ஆ ஊ என்று ஒரு தலைப்பைச் சிபாரிசு செய்தவர் இவர். திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய பத்துப் புத்தகம் என்று சட்டைப்பையில் ஒரு பட்டியல், ஒன்பது மாறும், முதலாவது மாறாது, மனைவி பிரிந்துபோன வருடம் பழைய புத்தகக் குவியலிலிருந்து உருவின அந்த மெல்லிய நாவல், அட்டையில் ஒரு சாவி, உள்ளே பெயரே இல்லாத ஒருவன், 'அவன்', அவ்வளவுதான். தனியாக இருக்கிற அவன் வீட்டில் நூற்றுத்தொண்ணூற்றிரண்டு பக்கம் வரைக்கும் ஒவ்வொரு சாமானாக ஒழித்துக்கொண்டே வருகிறான், அலமாரி, கடிதங்கள், பாத்திரம், எங்கே போகப் போகிறானோ என்று படிக்கிறவன் பதறுவான், அப்புறம் பக்கத்தைத் திருப்பினால்... 'அவன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு' என்று பக்கம் முடியும், அடுத்த பக்கம் 'சிரித்தான்' என்று தொடங்கும். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தான்! உலகத்தில் எவனாவது இப்படி ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறானா என்று வாசகர் வட்டத்தில் மேசையைத் தட்டினார். சிரித்துவிட்டுத் தெருவில் இறங்குகிறான், தப்பான பஸ்ஸில் ஏறுகிறான், ஒரு குடை ரிப்பேர்காரி வருகிறாள், அதற்கு முன்னால் கதையில் தலையே காட்டாதவள், அவள் திடீரென்று முளைப்பது வாழ்க்கையின் தற்செயலுக்குக் குறியீடு என்று நாற்பது நிமிடம் பேசினார், இரண்டு பேர் குறிப்பு எடுத்தார்கள், பாவம். மழையில் ஒரு குடைக்குள் இரண்டு பேர் போக, முற்றும்.

இன்று மத்தியானம் டைப்செட்டிங் பொண்ணு சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் வந்து எதிரே உட்கார்ந்தாள், இவர் சொன்னாரென்று அவளும் அதே புத்தகத்தின் புதுப்பதிப்பை வாங்கியிருந்தாள். "சார், உங்களுக்கு என் மேல ஏதாவது கோவமா?" "ஏன்மா?" "ரெண்டு நாளா தூக்கமே இல்ல சார். வீட்டுல எல்லா லைட்டையும் போட்டு வெச்சிருக்கேன். கரண்ட் பில் வந்தா உங்க டேபிள்லதான் வைப்பேன்." "முடிவு வரைக்கும் படிச்சியா? முடிவுல எல்லாம் சரியாயிடுமே..." "முடிவாலதான் சார் தூக்கம் போச்சு!" "அந்தக் குடைக்காரி..." "எந்தக் குடைக்காரி?" அப்போதுகூட இவருக்குச் சிரிப்புதான் வந்தது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் குறியீடு புரியவில்லை பார் என்று. அவள் பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்தான். சிரிக்கவில்லை. ஃப்ரிட்ஜை அணைத்து, துடைத்து, கதவைத் திறந்து வைத்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னான். பதினாறு பக்கமும் இதுதான், நிதானமாக, யாரையும் திட்டாமல், அழாமல், படி இறங்குகிறான், தெருமுனை திரும்புகிறான், அதற்கப்புறம் அவனைப் பார்த்தவர்கள் இல்லை, முற்றும்.

புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக அச்சடித்து மடிப்பார்கள், ஒரு மடிப்பு ஒரு ஃபாரம், நூற்றுத்தொண்ணூற்றுமூன்றில் தொடங்குகிறது பதின்மூன்றாவது ஃபாரம், இது இவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். எந்த அச்சகத்திலோ ஒரே வாரத்தில் இரண்டு நாவல், இரண்டும் இருநூற்றெட்டுப் பக்கம், இரண்டிலும் ஒரு 'அவன்', பைண்டர் கை மாறி மற்றதன் கடைசி ஃபாரத்தை இவருடைய பிரதியில் தைத்துவிட்டான், பக்க எண் கச்சிதமாகப் பொருந்திப் போயிற்று. இருபத்திரண்டு வருடமாக இவருக்கு உயிரான அந்த வாக்கியத்தை எந்த எழுத்தாளனும் எழுதவில்லை, பசை வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பைண்டர் எழுதியிருக்கிறான். ஊரான் பிழையெல்லாம் திருத்துகிறவர்! ஃபாரத்தின் முதல் பக்கத்துக்கு அடியில், பொடி எழுத்தில், ஃபாரம் எண்ணோடு புத்தகப் பெயரின் முதலெழுத்தும் போட்டிருப்பார்களே, பைண்டர் குழம்பக்கூடாதென்று, அதைப் பார்க்கவில்லையா ஐயா நீர்? பார்த்த மாதிரி இல்லை... பார்த்த மாதிரியும் இருக்கிறது.

சிரித்திருக்கலாம். ஒரு மாதத்துக்கு அச்சகம் முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வேண்டிய விஷயம். ஆனால் அத்தானுக்குக் கொடுத்ததும் புதுப்பதிப்பு. அக்கா இறந்து ஏழு மாதம், அத்தான் மூன்று அறை வீட்டில் ஒரு நாற்காலியில் மட்டும் குடியிருந்தார், போகும்போதெல்லாம் இவர்தான் பேசுவார், லிஃப்டில் மாட்டிக்கொண்டவன் கதை, பல் டாக்டர் கதை, அத்தான் உதட்டால் மட்டும் சிரிப்பார், பிறகு ஒரு நாள் அவராகவே கேட்டார், "மாப்ள, நீ ஊருக்கெல்லாம் புத்தகம் சொல்றியே, எனக்கு ஒண்ணு குடேன், பொழுது போகல." வாழ்நாளில் சர்க்யூட் படம் தவிர எதையும் படிக்காத மனிதர் கேட்கிறார்! இவர் ஓடினார், வாங்கினார், பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, மனப்பாடமான புத்தகத்தை யார் பிரித்துப் பார்ப்பார்கள், முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். என்ன எழுதினோம்... மறந்துபோனால் தேவலை, மறக்கவில்லை, இவருக்கு எழுத்துதானே தொழில். 'அத்தானுக்கு. முடிவுக்காகவே படிக்க வேண்டும். உங்களைப் போலவே நான் தனியாக நின்றபோது எனக்கு வழி காட்டியது இதுதான். நீங்களும் அதே வழியில் போங்கள்.' பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, முன் இருக்கைக் குழந்தை இவரையே பார்த்துக்கொண்டிருந்தது, வழக்கமாக ஒரு கோணல் மூஞ்சி காட்டுவார், காட்டினார், குழந்தை அழுதது.

மூன்று மாடி. இந்தக் கட்டடத்து லிஃப்ட்டுக்கு அத்தான்தான் வைத்தியர், இன்றைக்குப் பார்த்து அது இரண்டாவது மாடியில் நின்றுகொண்டு வர மறுத்தது. படியேறினார், மூச்சு வாங்க நின்று மறுபடி நம்பரை அழுத்தினார், மேலே, மூடிய கதவுக்குப் பின்னால், போன் அடித்தது. அடித்தது... அடித்தது... நின்றது. கதவில் பூட்டு. பூட்டு என்றால் நல்லதுதானே, உள்ளே இல்லை என்றுதானே அர்த்தம், ஆனால் போனை வைத்துவிட்டு யார் போவார்கள், திரும்பி வருகிறவர்கள்தான் மறந்துவிட்டுப் போவார்கள், திரும்பி வராதவர்கள்... எதிர்வீட்டுக் கதவு திறந்தது, கையில் சாவியோடு அந்த வீட்டு அம்மா. "நீங்களா? வாங்க. அவரு காலையிலயே சாவியக் குடுத்துட்டுப் போயிட்டாரே." "எங்கன்னு சொன்னாரா?" "சொல்லலீங்க. வர நேரமாகும், செடிக்கு மட்டும் தண்ணி ஊத்திருங்கன்னாரு." "செடிக்கா..." "ஆமாங்க. ஏன், உங்க முகமே ஒரு மாதிரி இருக்கு? தண்ணி வேணுமா?" செடிக்கு ஊற்றுங்கள் அம்மா, எனக்கு வேண்டாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, இப்படிப்பட்ட நேரத்திலும் வருகிறதே, இது என்ன வியாதி?

வீடு சுத்தமாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. ஏழு மாதமாகப் பாத்திரம் குவிந்திருந்த தொட்டி காலி, டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்த்துக் கிடந்தன, ஒன்று, இரண்டு, மூன்று, ஃப்ரிட்ஜின் கதவு அகலத் திறந்து உள்ளே இருட்டு, கீழே ஒரு பழைய துண்டு விரித்திருந்தது. அக்காவின் மூக்குக்கண்ணாடி அலமாரி மேல் துடைத்து வைத்திருந்தது. சாப்பாட்டு மேசையில் புத்தகம், நடுவில் பென்சில், பென்சில் இருந்த இடம் இருநூற்றெட்டு. சில வரிகளுக்கு அடியில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தார், நேர்க்கோடு, மெக்கானிக் கோடு. இவர் நாற்காலியில் உட்கார்ந்தார், போலீஸுக்கா, ஆஸ்பத்திரிக்கா, யாரிடம் என்னவென்று சொல்வது, ஒரு பைண்டர் தப்பாகத் தைத்துவிட்டான் ஐயா, அதனால்... அக்கா இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பாள், உனக்கு எதிலயும் விளையாட்டுதான்டா என்று, அக்கா, இது விளையாட்டு இல்லை அக்கா, நான் நல்லதுக்குத்தான்...

படியில் செருப்புச் சத்தம், கனமாக, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. வாசலில் அத்தான். வேர்த்துக் கொட்டிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, இவரைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "டேய்... இங்கயா இருக்கே?"

இவர் எழுந்தார். "எங்க போனீங்க அத்தான்?" என்றார்.

"உன்னத் தேடித்தான்! காலையில உன் வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்துச்சு. வீட்டு வாசல்லயே மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தேன். அப்புறம் பிரஸ்ஸுக்குப் போனா, யாருகிட்டயும் சொல்லாம அவசரமா கிளம்பிட்டாருங்கறாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? போனையும் சார்ஜ்ல போட்டுட்டு மறந்து தொலைச்சிட்டேன்."

"ஃப்ரிட்ஜ் ஏன் அத்தான் அணைச்சு வெச்சிருக்கீங்க?"

"ஐஸ் கட்டிருச்சு, உருகட்டும்னு விட்டேன். அதா இப்போ முக்கியம்?" அவர் வந்து எதிரே உட்கார்ந்தார், முதல் பக்கத்தைப் பிரித்து இவர் பக்கம் திருப்பினார், விரலை இவருடைய கையெழுத்தின் மேல் வைத்தார். "நேத்து முடிச்சேன். ராத்திரி பூரா இதையே பாத்துக்கிட்டிருந்தேன். எனக்கு வழி காட்டியது இதுதான்னு எழுதியிருக்கே. எந்த வழி மாப்ள? நீ எப்பவும் சிரிச்சிக்கிட்டே இருக்கவன். இப்படி ஒரு புத்தகம் உனக்கு முதல் நம்பரா? உங்கக்கா இருந்தா கேட்டிருப்பா. அவ இல்ல, நான்தானே கேக்கணும்?"

இவருக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் அதே கதவில் முட்டிக்கொண்டு வந்தது, எல்லாவற்றையும் கொட்டினார், பைண்டர், இரண்டு 'அவன்', குடை ரிப்பேர்காரி, வாசகர் வட்டம், நாற்பது நிமிடம், "குறிப்பு வேற எடுத்தாங்க அத்தான்!" என்றபோது அத்தான் நிச்சயம் சிரிப்பார் என்று ஒரு வினாடி நிறுத்தினார். அத்தான் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டேயிருந்தார், பழுது எங்கே என்று காதை வைத்துக் கேட்கிற மாதிரி.

"அப்போ உன் புத்தகத்துல கடைசிப் பதினாறு பக்கம் மட்டும்தான் வேற."

"ஆமா."

"முன்னாடி இருக்கிற நூத்துச்சொச்சம் பக்கம் இதேதான்."

"இதேதான்."

"எத்தன தடவ படிச்சிருக்கே?"

"பதினொண்ணு." பெருமையாகச் சொல்லுகிற எண், எத்தனை இடத்தில் சொல்லியிருப்பார்.

"முடிவுக்காகத்தான் படிச்சேன்னா, அந்தப் பதினாறு பக்கத்த மட்டும் படிச்சா போதுமே. ஒருத்தன் எல்லாத்தையும் ஒழிச்சு வெக்கிறத எதுக்குடா பதினோரு தடவ படிச்சே?"

பதில் இருக்கிறது, இருக்காமல் என்ன, இவரிடம் எதற்குத்தான் பதில் இல்லை, வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே வந்து நிற்குமே... இருட்டைத் தாண்டினால்தான் வெளிச்சம், அது மாதிரி ஏதாவது, வாசகர் வட்டத்துக்குப் போதும், அத்தானுக்குப் போதாது. இவர் கடைசியாகப் படித்ததை நினைத்துப் பார்த்தார், போன மழைக்காலம், படுக்கையறை, மார்பின் மேல் புத்தகம், 'சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு'... அப்புறம்? பக்கத்தைத் திருப்பினோமா? திருப்பியிருப்போம். அதற்கு முந்தின தடவை? அடுத்த வார்த்தை மனப்பாடம்தானே, எதற்குத் திருப்புவது என்று மூடி வைத்தது ஞாபகம் வருகிறது, அதற்கு முந்தின தடவையும்கூட... அத்தான் காத்துக்கொண்டிருந்தார். உருகின தண்ணீர் ஃப்ரிட்ஜிலிருந்து துண்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குடைக்குள் இருந்தவர்கள் எந்தப் பக்கமாக நடந்துபோனார்கள் என்று எவ்வளவு யோசித்தும் இவருக்கு நினைவுக்கு வரவில்லை.