ஓரெஸ்டாக நடித்த வெள்ளிக்கிழமை

கனடாவின் வினிபெக் நகரத்தின் ஓரத்தில், ஜன்னல் கண்ணாடிகளை லாரியில் ஏற்றி அனுப்பும் நிறுவனம் ஒன்றில் மாரென் தீசன் மேலாளராக இருந்தாள். வேலை பார்ப்பவர்களுக்கென்று பல்கலைக்கழகம் நடத்தும் நிர்வாகவியல் முதுகலைப் படிப்பில் அந்த வருஷம் சேர்ந்திருந்தாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளியும் சனியும் வகுப்பு. வெள்ளிக்கிழமைகளில் தன் மேசையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று அவள் திகைத்துக்கொண்டிருந்தபோது, ஓரெஸ்ட் தானாக வந்து நின்றார்.

"நீ போய்ப் படி மாரென். உன் வேலையையும் சேத்து நான் பாத்துக்கறேன்" என்றார்.

எந்த லாரி எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்யும் இருக்கையில் பல வருஷங்களாக இருப்பவர் அவர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். சொன்னபடியே செய்தார். ஒரு வெள்ளிக்கிழமைகூட அவள் வகுப்புக்குப் போகாமல் இருந்ததில்லை.

அந்த ஓரெஸ்டைத்தான் இப்போது அந்த இருக்கையிலிருந்து எழுப்ப வேண்டியிருந்தது. நிறுவனம் எல்லாவற்றையும் புதிய கணினி முறைக்கு மாற்றியது. அவருக்கு அது பிடிபடவே இல்லை. மேற்கே பிராண்டன் ஊருக்குப் போக வேண்டிய சரக்கு கிழக்கே கெனோராவுக்குப் போனது. ஒரே வீட்டுக்கு இரண்டு லாரி போய் நின்றது. இரண்டு முறை பயிற்சி கொடுத்தும் பலனில்லை. வாசலில் வண்டிகளைச் சரிபார்க்கும் வேலைக்கு அவரை மாற்றுவது என்று முடிவெடுத்தவள் மாரென்தான். முடிவில் அவளுக்குச் சந்தேகமில்லை. அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

அந்த வாரம் வகுப்பில் பாடமே அதுதான். கடினமான ஒரு பேச்சைச் சொந்த வேலையிடத்திலிருந்து கொண்டுவந்து நடித்துப் பார்க்கச் சொன்னார் பேராசிரியை. மாரென் ஓரெஸ்டின் கதையைச் சொன்னாள். பேராசிரியை வேடத்தை மாற்றிவிட்டார். மாரென்தான் ஓரெஸ்ட்; டார்சி என்ற சக மாணவன் மாரென். அவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அவர் மனசு புரியும் என்றார்.

மாரென் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதையே மேசையில் தேடினாள். யாரோ சிரித்தார்கள். டார்சி பேச ஆரம்பித்ததும் கையை உயர்த்தி, ஓரெஸ்ட் எப்போதும் சொல்வதை அவர் குரலிலேயே இழுத்துச் சொன்னாள்: "கொஞ்சம் மெதுவாச் சொல்லுப்பா. நான் இன்னும் ரெண்டாவது கியர்லதான் இருக்கேன்."

வகுப்பே குலுங்கியது. அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. அதனால் இன்னும் செய்தாள். ஒற்றை விரலால் தட்டச்சு செய்வதை, மனைவியின் முழங்கால் வலியைப் பற்றி நடுவில் ஆரம்பிப்பதை, எல்லாவற்றையும். சிரித்துச் சிரித்து டார்சிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நன்றாகக் கவனித்திருக்கிறாய் என்று பேராசிரியையும் பாராட்டினார்.

இடைவேளையில் கைபேசியை எடுத்தால் ஓரெஸ்டிடமிருந்து செய்தி. 'இங்கே பனி. வண்டி எல்லாம் கிளம்பியாச்சு. கவலைப்படாம படி.' அவள் கையில் பாதி கடித்த சாண்ட்விச் இருந்தது. அதைத் திரும்பக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை கதவைச் சாத்திவிட்டு அவரிடம் சொன்னாள். வகுப்பில் அவளாக நடித்த டார்சி பேசிய வாக்கியங்கள்தான். நடுவில் நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். ஓரெஸ்ட் கையை லேசாக உயர்த்தினார்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லும்மா. நான் இன்னும் ரெண்டாவது கியர்லதான் இருக்கேன்."

மாரென் சிரித்துவிட்டாள். சத்தமில்லை, உதடு மட்டும் கோணியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் அதைப் பார்த்தார்.

"சிரிக்கற மாதிரி என்ன சொல்லிட்டேன்?"

பதட்டத்தில் அப்படி ஆகிவிட்டது என்று அவள் பொய் சொன்னாள். அவர் தலையாட்டினார். எப்போதிலிருந்து வாசலுக்குப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் அவளால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. மூன்றாவது நாள் மதியம் வாசல் அறைக்குப் போய், குளிர் அங்கியைக்கூடக் கழற்றாமல், வகுப்பில் நடந்ததை எல்லாம் சொன்னாள். ஓரெஸ்ட் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எத்தனை பேரு இருந்தாங்க?"

"இருபது பேர் இருப்பாங்க."

"சரி, எனக்கும் ஒரு தடவை செஞ்சு காட்டு."

"என்னால முடியாது ஓரெஸ்ட்."

"அங்க முடிஞ்சுதுல்ல."

மன்னிப்பு கேட்கலாம் என்றுதான் வந்திருந்தாள். கேட்கவில்லை. வாசலில் ஒரு லாரி வந்து நிற்கவும், அவர் தொப்பியைக் காது வரை இழுத்துக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த வகுப்பில், பேச்சு எப்படிப் போனது என்று பேராசிரியை கேட்டார். நன்றாகப் போனது என்று சொல்லியிருக்கலாம். மாரென் உள்ளதைச் சொன்னாள், தான் சிரித்ததைக்கூட. இவ்வளவு நேர்மையாகப் பேசுவதுதான் தலைமைக்கு அழகு என்றார் பேராசிரியை. முன்வரிசையில் ஒருத்தி அதைக் குறித்துக்கொண்டாள். மாரெனுக்குக் காது சுட்டது. போன முறை அவரை வைத்துச் சிரிப்பு வாங்கினேன், இந்த முறை அவரை வைத்தே பாராட்டு வாங்குகிறேன் என்று தோன்றியது.

வசந்தத்தில் ஓரெஸ்ட் வேலையை விட்டு, மகள் இருக்கும் டாஃபினுக்குக் குடிபோனார். சாப்பாட்டு அறையில் கேக் வெட்டினார்கள். எல்லோரிடமும் கைகுலுக்கினார், அவளிடமும்.

"படிப்பு முடிஞ்சுதா, மிஸ் தீசன்?"

"இன்னும் ஒரு பருவம் இருக்கு."

"நல்லபடியா முடிங்க" என்றார். அதற்குள் பக்கத்தில் நின்ற ஓட்டுநர் ஒருவர் ஏதோ கேட்க, அவர் பக்கம் திரும்பிவிட்டார்.