பட்டாணிக்குப் பின்னால் ஒரு மெழுகுவர்த்தித் தாங்கி

ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்தை எடுக்கக் கையை விட்டபோது விரலில் கண்ணாடி பட்டது. இழுத்துப் பார்த்தேன். என் பின்லாந்து மெழுகுவர்த்தித் தாங்கி. அலமாரியின் நடுத்தட்டில் இருக்க வேண்டியது, பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, பட்டாணிக்குப் பின்னால் பதுங்கியிருந்தது. மெழுகுவர்த்தி நிற்கும் குழியில் மெழுகு. நகம் பட்டதுமே துண்டாகப் பெயர்ந்து வந்துவிட்டது.

கண்ணாடியில் ஒட்டிய மெழுகைச் சுரண்டக் கூடாது. சுடுதண்ணீரிலும் போடக் கூடாது, விரிசல் விட்டுவிடும். ஃப்ரீசரில் வைத்தால் மெழுகு சுருங்கித் தானாகக் கழன்றுகொள்ளும். பழைய சாமான் கடைகளிலிருந்து மெழுகும் அழுக்குமாகத் தூக்கி வரும் தாங்கிகளை நான் அப்படித்தான் சுத்தம் செய்வேன். இந்த வித்தை தெரிந்தவர்கள் வீட்டில் இரண்டே பேர்: நானும், லிஃப்ட் மெக்கானிக்கான என் கணவரும். ஆனால் இந்தத் தாங்கியை நான் சுத்தம் செய்து உள்ளே வைத்து வருஷங்கள் ஆகின்றன. என் அலமாரியில் இருக்கும் எதிலும் நான் மெழுகுவர்த்தி ஏற்றியதே கிடையாது.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. பொத்தான் ஒரு நூல் தள்ளியிருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். அந்தக் கண்ணை வீட்டுக்கு வரும்போது கழற்றி வைக்க முடிவதில்லை. கடைக்காரர் ஒரு தாங்கியை நீட்டி அறுபதுகளில் செய்தது என்றால், முதலில் அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பேன். நிஜமாகவே பல மேசைகளில் இருந்து வந்ததென்றால் கீறல்கள் கண்ட திசையிலும் ஓடும். எல்லாம் ஒரே பக்கம் ஓடினால், பழசாகக் காட்ட யாரோ உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்கள். ஸ்வீடன் உருண்டைத் தாங்கி, டென்மார்க்கின் புகை நிறத் தண்டு, எல்லாம் இந்தச் சோதனையில் தேறி வந்தவை. பின்லாந்துத் தாங்கி என் செல்லம். கருக்கிய மர அச்சில் ஊதிய கண்ணாடி, மரப்பட்டையின் சொரசொரப்பு அப்படியே அதில் இருக்கும்.

கணவரிடம் நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும், அந்தப் பதிலையும் நான் கவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். தாங்கியைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் அவர் ஃப்ரீசரைத் திறந்து வெகுநேரம் குனிந்து நின்றார்.

“என்னங்க தேடுறீங்க?”

“ஐஸ்,” என்றார்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

பெயர்ந்த மெழுகை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். கரண்ட் போனால் ஏற்றும் தடித்த வெள்ளை மெழுகுவர்த்தியின் மெழுகு இல்லை அது. தந்த நிறம், லேசான பளபளப்பு. விருந்து மேசைக்கென்று விற்கும் மெல்லிய, நீளமான வகை. சமையலறைக்கு உப்பு வாங்கி வரச் சொன்னால்கூட மறந்துவிட்டு வருகிற மனிதர், இதைத் தேடிப் போய் வாங்கியிருக்கிறார்.

அக்காவுக்கு போன் செய்தேன். ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன். நான் எதிர்பார்த்தது, போடி பைத்தியம் என்று ஒரு திட்டு. அக்காவோ கேட்டாள்:

“மெழுகுவர்த்தி ஏத்தி வெச்சுக்கிட்டு எந்த ஆம்பளடி தனியா சாப்பிடுவான்?”

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் எங்கே வரும்? அடுத்த வாரம் எனக்குச் சாயங்கால ஷிப்ட். கிளம்புமுன் எல்லாத் தாங்கிகளையும், அடியில் செய்தவர் பொறித்த கையெழுத்தின் முதல் எழுத்து ஜன்னலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். மறுநாள் காலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். மூன்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. துடைத்து, தூசி கூட இல்லாமல், அவ்வளவு நேர்த்தியாக வைத்திருந்தார். அந்த நேர்த்திதான் என்னை இன்னும் எரித்தது. அவர் தோசைக்கல்லைக்கூட ஒழுங்காகக் கழுவி நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து ஷிப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே தொழிற்சாலையில் மின்மாற்றி வெடித்து வேலை நின்றது. வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அவருக்கு போன் செய்யவில்லை. தெருமுனையிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தேன். என் வீட்டுக்கு நானே திருடி மாதிரி.

ஜன்னல் திரை முழுவதும் மூடியிருக்கவில்லை. இடுக்கு வழியாகச் சாப்பாட்டு மேசை தெரிந்தது. அவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிர் நாற்காலி வெளியே இழுத்துப் போட்டிருந்தது. அதில் யாரும் இல்லை. அதுவும் எனக்குப் போதவில்லை. குளியலறை விளக்கைப் பார்த்தேன், அணைந்திருந்தது. வாசலில் வேறு செருப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். அவருடைய தேய்ந்த ஜோடி மட்டும்தான். நாற்காலிக்கு முன்னால் ஒரு தட்டு கவிழ்த்து மூடியிருந்தது. ஓரம் நசுங்கின தட்டு, என்னுடையது. ஷிப்ட் முடிந்து வந்தால் சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று அவர் தினமும் அப்படித்தான் மூடி வைப்பார்.

அப்புறம்தான் தாங்கிகளைப் பார்த்தேன். மூன்றும் எரிந்துகொண்டிருந்தன. பின்லாந்துத் தாங்கியின் ஒவ்வொரு சொரசொரப்பும் வெளிச்சத்தைப் பிடித்து உடைத்துச் சுவரெல்லாம் இறைத்திருந்தது. புகை நிறத் தண்டு தேன் நிறமாகியிருந்தது. இத்தனை காலம் அவற்றின் அடிப்பாகத்தையே பார்த்திருக்கிறேன். இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் கல்யாண நாள் ஒன்றில், ஒரே ஒரு தடவை ஏற்றலாமா என்று தீப்பெட்டியும் கையுமாக வந்து கேட்டார். நான் போட்ட கூச்சலில் தீப்பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சிரித்தார். அதற்கப்புறம் கேட்டதில்லை.

கதவருகே போய் மெதுவாகத்தான் சாவியை நுழைத்தேன். அந்தச் சின்ன சத்தம் அவருக்குப் போதுமாயிருந்தது. நாற்காலி பின்னால் நகர்ந்தது. ஊதும் சத்தம். ஜன்னலில் இருந்த வெளிச்சம் ஒரு பங்கு குறைந்தது. இன்னொரு ஊதல். இன்னும் குறைந்தது. அவருடைய அந்த அவசரத்தைக் கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது.

மூன்றாவதாவது எரியட்டும் என்று சாவியைத் திருப்பாமல் அப்படியே பிடித்துக்கொண்டேன். மூன்றாவது ஊதல் வரவில்லை. திரையின் இடுக்கில் ஒரே ஒரு சுடர் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.