வீடு பார்க்க வந்தவர்கள்

மூடியின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை பிளேடால் சீவி எடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். சொல்வதற்குச் சுலபம். சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த அந்தப் பிளாஸ்டிக் பட்டறையில், மெஷினிலிருந்து விழுகிற மூடிகளைச் சூடு ஆறுவதற்குள் கோணியில் வாரி வந்து பெண்களின் முன்னால் கொட்டிவிடுவார்கள். பொன்னியம்மா கட்டைவிரலில் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டியிருந்தாள். அது இல்லாமல் உட்கார்ந்தால் மதியத்துக்குள் வெள்ளை மூடியெல்லாம் சிவப்புக் கறை ஆகிவிடும். அதற்கும் மேஸ்திரி கூலியில் பிடிப்பார்.

அன்றைக்கு அவளுக்கு வேலையில் மனசு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்க வேண்டும். மேஸ்திரி தங்கவேல் நல்ல மனுஷன்தான், ஆனால் லீவு என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் காது மந்தமாகிவிடும். இரண்டு தரம் கேட்டபிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"ஞாயித்துக்கெயம இன்னா விசேசம்? பொண்ணு பாக்க வராங்களா?"

"பொண்ணு பாக்க இல்லண்ணே. ஊடு பாக்க வராங்க."

மகள் தாட்சாயிணி பத்தாவதில் நல்ல மார்க் வாங்கி, பூந்தமல்லியில் அதே பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள். அந்தப் பள்ளியில் படித்துப் பெரிய ஆளானவர்கள் பழைய மாணவர் சங்கம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு பிளஸ் ஒன் பிள்ளையைப் பொறுக்கி எடுத்து, இரண்டு வருஷப் படிப்பு முடியும்வரை மாதாமாதம் பணம் கொடுப்பார்கள். சுசீலா டீச்சர் தாட்சாயிணியின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தாள். சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள் என்று தகவல்.

தங்கவேல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு லீவு கொடுத்தார். கூடவே, அந்தப் பணம் வராவிட்டால் பெண்ணைப் பட்டறைக்கு அனுப்பச் சொன்னார். இதை அவர் மே மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். பொன்னியம்மாவும் வீட்டில் அதைத்தான் சொல்லியிருந்தாள். பணம் வந்தால் படிப்பு. வராவிட்டால் ஆடி பிறந்ததும் பெண் தன்னோடு பட்டறைக்கு வர வேண்டியதுதான். ஒருத்தி கூலியில் மூன்று வயிறும் வாடகையும் ஓடவில்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் வேம்புலியின் வலது கையில் மூன்று விரல்களை அந்த பிரஸ்ஸே தின்றுவிட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். கம்பெனிக்காரன் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டான். அத்தோடு ஆளையும் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டான்.

அவர்கள் குடியிருந்தது ஒரே ஓட்டின் கீழ் வரிசையாக நின்ற லைன் வீடுகளில் ஒன்று. யார் வீட்டுக்காவது பெண் பார்க்க வந்தால் லைனே சேர்ந்து அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தும். ஒரு வீட்டு நாற்காலி, இன்னொரு வீட்டுச் சங்கிலி, மூன்றாம் வீட்டு எவர்சில்வர் என்று எல்லாம் வந்து இறங்கும். வந்தவர்கள் போனதும் அவையவை சொந்த வீட்டுக்குத் திரும்பிவிடும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வெறும் வீட்டில் எவன் சம்பந்தம் பண்ணுவான்? மளிகைக் கடைக்காரன்கூட முகத்தைப் பார்த்துத்தான் கடன் எழுதுகிறான். சீட்டுக்காரர் வீட்டை ஒரு கண் பார்த்துவிட்டுத்தான் ஆள் சேர்க்கிறார். வெளியே இருந்து ஒருவர் வீட்டைப் பார்க்க வருகிறார் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த லைனில் குழந்தைக்கும் தெரியும்.

மூன்றாம் வீட்டுக் கஸ்தூரியின் புருஷன் ஆவடி டாங்கி பேக்டரி கேன்டீனில் பர்மனென்ட். அதனால் அவள் வீட்டில்தான் சாமான் அதிகம். சங்கத்துக்காரர்கள் வருகிற செய்தியைக் கேட்டதும் அவளே முன்வந்தாள். பச்சைப் பிளாஸ்டிக் வயர் பின்னிய நாற்காலிகளையும் புதிதாக வாங்கியிருந்த டேபிள் ஃபேனையும் தருவதாகச் சொன்னாள். பொன்னியம்மா வீட்டில் ஒற்றை பல்புக்குத்தான் கரண்ட் இருந்தது. கஸ்தூரி வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, பின்பக்க ஜன்னல் வழியாகக் கொண்டுவந்து, அதன்மேல் பாயை விரித்துவிடலாம் என்று யோசனை சொன்னவனே வேம்புலிதான். வேலை போனபிறகு அவன் முகத்தில் அவ்வளவு சுறுசுறுப்பைத் தாட்சாயிணி பார்த்ததில்லை.

அவளுக்கு மட்டும் மனதில் என்னவோ உறுத்தியது. டீச்சர் ஒன்றும் செய்ய வேண்டாம், வீடு இருக்கிறபடியே இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருந்தாள். அதை அம்மாவிடம் சொன்னாள்.

"டீச்சர் அப்டித்தான் சொல்வாங்க. ஊட்டுக்கு வரவங்க எவங்கனா எனுக்கு அது பண்ணு இது பண்ணுன்னு கேப்பாங்களா? நாமதான் பாத்துப் பண்ணணும். இல்லாதவன்னு தெரிஞ்சா எவன் குடுப்பான்?"

பொன்னியம்மா பிறந்து வளர்ந்த உலகத்தில் அதற்கு மறுபேச்சே கிடையாது. தாட்சாயிணியும் பேசாமல் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனாள்.

ஞாயிறு காலையில் இரண்டு பேர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். பெரியவர் இராமகிருஷ்ணன் பேங்கில் அதிகாரியாக இருந்தவர். இளையவர் பரந்தாமனின் தோளில் கேமரா தொங்கியது. லைன் வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். கஸ்தூரி குளித்துப் பூ வைத்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள். சொந்தக்காரி இல்லையென்றாலும் அவளுக்கும் இதில் கௌரவம் இருந்தது.

பொன்னியம்மா கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாள். கழுத்தில் கஸ்தூரியின் கவரிங் சங்கிலி. வேம்புலி வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. உட்காரும்போதே அந்தத் துண்டை மடித்து வலது கைமேல் போட்டுக்கொண்டான். பெரிய மனிதர்கள் முன்னால் அந்தக் கையை நீட்டுவது மரியாதை இல்லை என்று அவனுக்கு எண்ணம். கும்பிடவில்லை. இடது கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தான்.

இராமகிருஷ்ணன் தன்மையான மனிதர். தாங்களும் இதே பள்ளியில் கஞ்சி குடித்துப் படித்தவர்கள்தான் என்றார். தாட்சாயிணியைக் கூப்பிட்டு என்ன குரூப், மேலே என்ன படிக்க ஆசை என்று கேட்டார். அவள் நர்சிங் என்றாள். நல்லது என்று சொல்லி அவள் தலையைத் தொட்டார். கலர் சோடா வந்தது. அவர் எதற்கம்மா இதெல்லாம் என்றார், பொன்னியம்மா குடிங்க சார் என்று மன்றாடினாள், அவர் குடித்தார். ஃபேன் காற்று அவர் நரைமுடியைக் கலைத்தது.

"காத்து நல்லா வருது. புதுசா?" என்றார் பரந்தாமன்.

கதவோரத்தில் கஸ்தூரி சிரித்த முகமாக நின்றாள். பொன்னியம்மா, "ஆமா சார், இப்பத்தான்," என்றாள்.

இது எங்களுடையது இல்லை என்று தாட்சாயிணி ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் லைன் முழுக்க வாசலில் நின்றது. சொன்னால் அம்மாவுக்கு மூக்கறுபட்டது மாதிரி ஆகும், கொடுத்த கஸ்தூரிக்கும் அவமானம். அவள் ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரியவர் வேம்புலியிடம் எங்கே வேலை என்று கேட்டார்.

"எஸ்டேட்ல சார். பிரஸ் ஆப்பரேட்டர்."

பதினாறு வயதில் எஸ்டேட்டுக்குள் நுழைந்ததிலிருந்து அந்தக் கேள்விக்கு அவனிடம் இருந்தது அந்த ஒரே பதில்தான். அது இப்போது பொய் என்பதுகூட அவனுக்கு அந்த நேரம் தோன்றியதா தெரியவில்லை. துண்டு அசையாமல் மடியில் கிடந்தது.

கடைசியாக, சங்கத்தில் காட்டுவதற்காக ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம் என்றார் பரந்தாமன். பச்சை நாற்காலிகளில் அம்மாவும் அப்பாவும், நடுவில் மகள், பக்கத்தில் ஃபேன். பொன்னியம்மா சங்கிலி தெரிகிற மாதிரி முந்தானையைச் சரி செய்தாள். கேமராவுக்கு முன்னால் மூவரும் ஒன்றாக உட்காருவது அதுதான் முதல் தடவை.

ஸ்கூட்டர் திரும்பியதும் லைனே கல்யாணம் முடிந்த வீடு மாதிரி ஆனது. பணம் வந்தது மாதிரிதான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் நாற்காலிகள் போயின, சங்கிலி போனது. ஃபேனை மட்டும் கஸ்தூரி, இன்று இருக்கட்டும், நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றாள். அந்த ஒரு ராத்திரி வேம்புலி காற்றில் படுத்துத் தூங்கினான்.

ஆனி நடுவில் சுசீலா டீச்சர் தாட்சாயிணியை லேபுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கேட்டாள். டீச்சரின் முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"உங்கப்பாவுக்குக் கை போயிடுச்சு, வேலை இல்லைன்னு எங்கிட்ட சொன்னேல்ல? அவர் ஆப்பரேட்டர்னு அவரே சொல்லியிருக்கார். வீட்ல ஃபேன், நாலு சேர். கமிட்டியில எனக்குத்தான் தலைகுனிவு. ஏன்டி பொய் சொன்னே?"

தாட்சாயிணி எல்லாவற்றையும் சொன்னாள். ஒயர் வந்த ஜன்னலைச் சொன்னாள், துண்டுக்குள் இருந்த கையைச் சொன்னாள். கேட்கக் கேட்க டீச்சரின் கோபம் வடிந்து, அந்த இடத்தில் வேறென்னவோ வந்தது. அன்றைக்கே ஆபீஸ் அறைக்குப் போய் இராமகிருஷ்ணனுக்கு போன் போட்டுப் பேசினாள். தாட்சாயிணி வராந்தாவில் காத்திருந்தாள்.

திரும்பி வந்த டீச்சர் அவளுடைய கண்ணைப் பார்க்கவில்லை. அவர் ரொம்ப வருத்தப்பட்டாராம். ஆனால் தீர்மானம் போட்டாகிவிட்டது, முதல் மாதப் பணமும் கொடுத்தாகிவிட்டது. வாங்கியவன் மாங்காட்டுப் பக்கத்துப் பையன். அவன் வீட்டுக்குக் கதவே இல்லையாம், சாக்குதான் தொங்குகிறதாம். அவனிடமிருந்து பிடுங்க முடியுமா? அடுத்த வருஷம் புதுப் பிள்ளைகளுக்குத்தான். டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கொடுத்தாள். கமிட்டியில் எல்லார் கையிலும் சுற்றிவந்த அந்தப் படம். படம் நன்றாக வந்திருக்கிறது, அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்று பரந்தாமன் சொன்னாராம்.

பஸ்ஸுக்குக் காசு இருந்தும் தாட்சாயிணி நடந்தே வந்தாள். வீட்டில் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னால் அம்மா சாகும்வரை அந்த ஃபேனை நினைத்துக்கொண்டிருப்பாள். அப்பா அந்தத் துண்டை நினைத்துக்கொண்டிருப்பார்.

"மார்க்கு பத்தலையாம்மா. என்னவிட ஒரு பையன் ஜாஸ்தி எடுத்துகீறான்," என்றாள்.

பொன்னியம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "நாங்க இன்னாடி கொற வெச்சோம்? சொவருக்கு சுண்ணாம்பு அடிச்சி, ஊரு ஊடெல்லாம் ஏறி எறங்கி, ராஜா ஊடு மாறி வெச்சோமே. உன்னால நாலு மார்க்கு கூட எடுக்க முடிலியா?" முதுகில் ஒரு அடி விழுந்தது. அடித்தவளே அழுதாள். தாட்சாயிணி அழவில்லை. வேம்புலி, போனது போகட்டும், பெண்ணை அடிக்காதே என்று மட்டும் சொன்னான்.

அழுது ஓய்ந்தபிறகு பொன்னியம்மா உறையைப் பிரித்தாள். படத்தை பல்புக்குக் கீழே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். அடுத்த வாரக் கூலியில் பூந்தமல்லி கண்ணாடிக் கடையில் கொடுத்து ஃபிரேம் போட்டுக்கொண்டு வந்தாள். புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரில் மாட்டினாள். வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அண்ணாத்தே ஆபீசர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்று கஸ்தூரி சொன்னாள்.

ஆடி பிறந்தது. அன்று விடியற்காலை தாட்சாயிணி பள்ளிக்கூடத்து நீலப் பாவாடையையே உடுத்திக்கொண்டாள். வேறு நல்ல பாவாடை இல்லை. அம்மா இரண்டு தூக்குகளில் சோறு கட்டிக்கொண்டிருந்தாள்.

வேம்புலி படத்துக்கு நேர் கீழே வெறும் தரையில் குந்தியிருந்தான். சைக்கிள் கடையில் கேட்டு வாங்கி வந்த டியூப் துண்டை வலது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்து, இடது கையால் கத்தரிக்கோலை ஓட்டினான். இரண்டு தரம் வழுக்கியது. மறுபடி இடுக்கிக்கொண்டான். வளையம் வந்ததும் மகளைக் கூப்பிட்டு அவள் கட்டைவிரலில் மாட்டிப் பார்த்தான். லேசாகத் தொளதொளத்தது. கழற்றி, இன்னும் கொஞ்சம் சின்னதாக வெட்ட ஆரம்பித்தான்.

"வெரலு பத்ரம் தாட்சா," என்றான்.

"சரி நைனா," என்று அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.