எழுதாமல் விட்ட இரண்டு நிமிடம்

இறந்து எட்டு மாதமாகியிருந்த கெர்மான் லூக்கிச், தொண்ணூற்றைந்தாம் ஆண்டு குளிர்காலத்தை வழியனுப்பும் விழாவில், காலை பதினொன்று இருபதுக்கு, நிரல்தாளில் இருந்தபடியே இரண்டாம் மைக்கில் பேசினார். தவறு ஐரா எய்நோவ்னாவுடையது. ஒனேகா ஏரிக்கரையில் அந்த நகரத்தின் விழாக்களையெல்லாம் இருபது வருடமாக இயக்கி வந்தவள் அவள். மே ஊர்வலமானாலும் மீனவர் நாளானாலும் யார் எந்த நொடியில் எந்தப் படியில் ஏறுவது என்பது அவள் தட்டச்சு செய்த தாளில் இருக்கும். அந்த வருடம் அலுவலகத்தில் தாளுக்குப் பஞ்சம். பழைய நிரல்தாளையே எடுத்துத் தேதியை மட்டும் திருத்தினாள். அறிவிப்பாளர் லூக்கிச்சின் வரியை நீக்க மறந்துபோனாள், அல்லது கை அந்த வரிக்குப் போகவில்லை. இரண்டில் எது என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறாள். ஒலிப்பெட்டிகளைக் கவனித்த யெகோர் தாளில் உள்ளதைச் செய்கிறவன். நேரத்துக்கு மைக்கைத் திறந்தான். மைக்கின் முன் யாருமில்லை. ஆள் உயரத்தில் மூச்சின் வெள்ளை ஆவி மட்டும் விட்டுவிட்டு எழுந்தது, குரல் வந்தது. முன்வரிசையில் சில பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் விழாவுக்குச் சுடும் ப்ளினி அப்பம் வாங்கும் வரிசையை விடாமல், விறைத்த கால்களைத் தரையில் உதைத்தபடி கேட்டார்கள். அடுத்த வாரம் நகரம் அதிகம் பேசியது அந்த ப்ளினியில் வெண்ணெய் குறைந்துபோனதைப் பற்றித்தான்.

ஐரா வேறொன்றைக் கவனித்திருந்தாள். லூக்கிச் நான்கு நிமிடம் பேசினார், எழுதிக் கொடுத்ததை மட்டும் பேசினார்.

"உசுரோட இருந்தப்ப ஒரு நாளாச்சும் நாலு நிமிசத்துல எறங்கியிருக்காரா இந்த மனுசன்?" என்றான் யெகோர், வயர்களைச் சுருட்டிக்கொண்டே. "செத்தப்புறம்தான் ஒழுங்கு வந்திருக்கு."

அது உண்மை. உயிரோடிருந்தவரை லூக்கிச் தாளைச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டு, கூட்டத்தில் யாருடைய தொப்பியையாவது வம்புக்குப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவார். மேடைக்குப் பின்னால் ஸ்டாப்வாட்சோடு நின்று ஐரா பல்லைக் கடிப்பாள். இறங்கி வந்ததும், "எங்களுக்குன்னு ரெண்டு நிமிசம் சும்மா விட்டு வையேன் ஐரா, ஊரு இடிஞ்சா விழுந்துரும்?" என்பார். அவள் ஒரு தடவையும் விட்டதில்லை. எழுபத்தொன்பதில் ஒரு நாள், மேடைக்கு அடியில் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த உருளைக்கிழங்கு அடையான கலீத்காவை இருவரும் தின்றுகொண்டிருந்தபோது, அவர் சட்டென்று மெல்லுவதை நிறுத்தி, "ஐரா, ஒண்ணு சொல்லணும்" என்றார். அவள் ஸ்டாப்வாட்சைப் பார்த்து, "நாப்பது செகண்டுதான் இருக்கு" என்றாள். அவர் மீசையில் ஒட்டியிருந்த உருளைக்கிழங்கைத் துடைத்துக்கொண்டு மேடையேறினார். அந்தப் பேச்சு அப்புறம் எடுக்கப்படவேயில்லை. அவள் நினைத்துப் பார்க்கத் தொடங்கியபோது இருவருக்கும் ஐம்பது நெருங்கியிருந்தது. பிறகு ஒரு ஜூலையில் அவருடைய இதயம் நின்றது.

அதனால் வரியை அவள் தாளிலிருந்து எடுக்கவில்லை. கோடையில் மைக்கைத் திறந்தால் வெறும் காற்றுதான். தண்ணீர் உறையும் குளிரில்தான் லூக்கிச் வருவார் என்று தெரிந்துகொண்டார்கள். அதற்கேற்ப கோடையில் வரும் நகர நாள் விழாவிலிருந்து அவரை எடுத்துப் புத்தாண்டு மர விழாவில் போட்டார்கள். ஒரு தடவை அவள் தைரியமாக, "இந்த விழாவை இயக்கிய ஐரா எய்நோவ்னாவுக்கு நம் நன்றி" என்று அவர் வரியில் சேர்த்தாள். அவர் அப்படியே சொன்னார். கூட்டம் கைதட்டியது. தனக்குத் தானே கடிதம் எழுதித் தபாலில் போட்டு, வந்ததும் பிரித்துப் படித்தவளைப் போல அவளுக்குக் கன்னம் எரிந்தது. அவள் என்ன எழுதினாலும் சொல்லும் குரலிடமிருந்து, அவள் கேட்க விரும்பிய ஒன்றை மட்டும் வாங்க முடியாது என்று அன்று விளங்கியது.

பதினோரு குளிர்காலங்கள் இப்படிப் போயின. இரண்டாயிரத்தாறில் அவளுக்கு ஓய்வு. அடுத்து வரப்போகும் நினா, பேச்சுகளையெல்லாம் முன்கூட்டியே பதிவு செய்து போடப் போவதாகச் சொல்லியிருந்தாள். இரண்டாம் மைக் அவளுக்குத் தேவையில்லை. ஐராவுக்கு ஒரே ஒரு நிரல்தாள் மிச்சம், குளிர்காலத்தை வழியனுப்பும் விழாவினுடையது. இரவல் வாங்கிய கணினியில் அதை அடித்தாள். லூக்கிச்சின் நான்கு நிமிடத்துக்குக் கீழே, பதினொன்று இருபத்துநான்கு முதல் இருபத்தாறு வரை, ஒன்றும் எழுதவில்லை.

விழாவன்று பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு டிகிரி குளிர். எழுதியதைப் பேசி முடித்த குரல் நின்றது. ஆவி மட்டும் எழுந்துகொண்டிருந்தது. நகரத் தலைவர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தாள்ல ஒண்ணுமில்லியே. மூடிரவா?" என்றான் யெகோர்.

"மூடாத."

ஒன்றரை நிமிடம். தான் இயக்கிய எந்த விழாவிலும் அவள் அனுமதிக்காத மௌனம் அது. நினா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். அப்போது லூக்கிச் தொண்டையைச் செருமினார்.

"நாப்பது செகண்டுல சொல்ற விசயமில்ல அது" என்றார், சதுக்கம் முழுக்கக் கேட்கும்படி. "கலீத்கா இன்னொண்ணு இருக்கான்னு கேக்க வந்தேன் ஐரா."

கூட்டம் சிரித்தது. ஐரா மேடையோரத்துக்கு வந்தாள். முப்பது வருடத்தில் கூட்டத்தின் கண்ணில் பட அவள் வந்தது அன்றுதான்.

"பொய்" என்றாள்.

ஆவி நின்றது. மறுபடி எழுந்தது, மெல்ல.

"பொய்தான்."

அவள் ஸ்டாப்வாட்சை நிறுத்தாமலேயே பைக்குள் போட்டாள். அதற்குப் பிறகு லூக்கிச் ஒரு சிவப்புத் தொப்பிக்காரரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். விழா முடிவில் குளிர்காலமென்று கொளுத்தும் வைக்கோல் பொம்மை பதினோரு நிமிடம் தாமதமாக எரிந்தது.

நினா அந்த வரியை எடுக்கவில்லை. இரண்டாம் மைக் திறந்திருக்கட்டும், நேரம் தேவையானபடி என்று மட்டும் திருத்தினாள். வழியனுப்பும் விழா நடக்கும் அந்த ஞாயிறு மட்டும் சதுக்கத்துப் பேருந்துகள் பதினோரு நிமிடம் தள்ளிப் புறப்படுவது இப்போது கால அட்டவணையிலேயே அச்சாகிறது. ஐரா எய்நோவ்னா ப்ளினி வரிசைக்குப் பக்கத்தில் நிற்பாள், துணியில் சுற்றிய இரண்டு கலீத்காக்களோடு. ஒன்றைத் தின்பாள்.