எக்ஸ்பியும் சுபாஸின் கலியாணமும்

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய யதுர்சிகா, மன்னார் பஸ் நிலையத்துக்கு அருகே சின்னக் கடையொன்று போட்டிருந்தாள். தமிழில் தட்டச்சு செய்து கொடுப்பாள். வெளிநாட்டில் இருப்பவர்களோடு கதைக்க ஸ்கைப் போட்டுக் கொடுப்பாள். இரண்டுக்கும் ஒரே கணினிதான். தொண்டு நிறுவனம் ஒன்று கொடுத்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடுவது.

2014 ஏப்ரலோடு எக்ஸ்பிக்கான ஆதரவு முடிகிறது என்று திரையில் அறிவித்தல் வந்தது. பக்கத்துக் கணினிக் கடை அப்துல் றசாக்கிடம் கேட்டாள். 1990இல் மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இருந்துவிட்டு மீளக்குடியேறியவர் அவர். அவருடைய கடையிலும் ஸ்கைப் உண்டு.

"மெசின் ஓடும், தங்கச்சி. ஆனா இனி ஓட்டை விழுந்தா அடைக்க ஆக்கள் இல்லை. வைரஸ் லேசா வந்திடும். இன்ரநெற்றைக் கழட்டி விடுங்கோ."

ஸ்கைப்புக்கு வருபவர்களைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறார் என்று நினைத்தாள். தலையாட்டிவிட்டு வந்தாள், கழற்றவில்லை.

யூலை மாதம் ஒரு சனிக்கிழமை, வங்காலை றோசம்மா பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பாரிசில் அவளுடைய ஒரே மகன் சுபாஸுக்கு அன்று கலியாணம். அவளுக்கு விசா கிடைக்கவில்லை. மாதா கோயிலுக்குள் நடப்பதைக் கூட்டாளி ஒருவன் ஸ்கைப்பில் காட்டுவதாக ஏற்பாடு.

சுபாஸ் கோட் போட்டுத் திரையில் வந்தான். "அம்மா, தெரியுதே?"

"தெரியுது ராசா. மெலிஞ்சு போனாய்."

அதோடு படம் உறைந்தது. விளம்பரப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. பிறகு திரை முழுக்க நீலமானது. நிற்பாட்டிப் போட்டாலும் அதே கதைதான்.

றோசம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை. "தாலி கட்டியிருப்பாங்களோ, பிள்ளை?" என்று மட்டும் கேட்டாள்.

யதுர்சிகா வெளியே ஓடினாள். றசாக் அசர் தொழுகைக்குப் போவதற்காகக் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"றசாக் நானா, நீங்கள் சொன்னதை நான் கேக்கேல்லை. ஒருக்கா உதவி செய்யுங்கோ. றோசம்மா அன்ரியின்ர மகனுக்கு இப்ப கலியாணம் நடக்குது."

அவர் உடனே பூட்டைத் திறந்தார். "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அவருடைய கணினியில் இணைப்புக் கிடைத்தபோது பாதிரியார் பிரெஞ்சில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். சுபாஸ் ஒரு சொல்லில் பதில் சொன்னான்.

"என்னவாம் தம்பி?" றோசம்மா பதறினாள்.

"ஓமாம், அம்மா. சம்மதமாம்." றசாக் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

மகன் தாலி கட்டுவதை றோசம்மா கண்வெட்டாமல் பார்த்தாள். சிலுவை அடையாளம் போட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். றசாக் மெல்ல எழுந்து பள்ளிவாசலுக்குப் போனார்.

மறுநாள் அவரே வந்து யதுர்சிகாவின் கணினியில் இருந்ததையெல்லாம் அழித்து, எக்ஸ்பியைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். இணைய வயரை அவளே கழற்றிச் சுற்றி வைத்தாள்.

"தட்டச்சுக்கு இது இன்னும் கனகாலம் ஓடும்," என்றார் றசாக். "என்னட்ட தமிழ் அடிக்க வாறவையை இஞ்ச அனுப்புறன்."

"ஸ்கைப்புக்கு வாறவையை நான் உங்களிட்ட அனுப்புறன், நானா."

அன்று பின்னேரம் முதல் ஆளாக றோசம்மாதான் வந்தாள், மருமகளோடு கதைக்க. யதுர்சிகா அவளைப் பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போய், கதிரையை இழுத்துப் போட்டாள்.