ஜோதிக்குப் பதினாறு வயது

பேரணாம்பட்டுச் சாலையில் ஒரு மத அறக்கட்டளை நடத்திய பெண்கள் சீர்திருத்த இல்லத்தில் சேர்க்கப்பட்டபோது ஜோதிக்குப் பதினாறு வயது. இருபத்தாறு வருடம் கழித்து இல்லத்தை மூடியபோதும் அவளுக்குப் பதினாறு வயதுதான். ஷூ கம்பெனியில் கூட வேலை பார்த்த உமர் ஃபாரூக்கோடு பெங்களூர் ரயிலுக்குக் காத்திருந்தவளைக் காட்பாடியில் பிடித்து, அப்பா சம்பத் நேராக அங்கே கொண்டுபோய் விட்டார். அம்மா கமலம் கேட் கம்பி வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்குக் கோவம் ஆறட்டும், வந்து இட்டுக்குனு போறேன். அதுவரைக்கும் இப்டியே இரு" என்றாள். ஜோதி அப்படியே இருந்தாள்.

விடிந்ததும் ஜெபம், பிறகு துணி துவைப்பது, மத்தியானம் கம்பெனிகளுக்கு ஷூவின் மேல்தோல் தைப்பது. கூட இருந்த பெண்கள் வளர்ந்து, கல்யாணமாகிப் போனார்கள். சிலர் பின்னாளில் தங்கள் மகள்களையே கொண்டுவந்து விட்டார்கள். அந்த மகள்களும் ஜோதியை முந்திக்கொண்டு பெரியவர்களானார்கள். ரத்தசோகை என்று டாக்டர் மாத்திரை எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தலைவாரிக்கொண்டு கேட்டருகே நிற்பாள். உமர் கொஞ்ச காலம் ரோட்டின் எதிர்ப்பக்கம் வந்து நின்றான். பிறகு வாலாஜாபேட்டையில் நிக்காஹ் செய்துகொண்டான். மகளைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்துவிட்டதாகச் சம்பத் தெருவில் சொல்லிவைத்தார். அவளைப் போய்ப் பார்த்தால் நீயும் அங்கேயே இருந்துவிடு என்று கமலத்திடம் சொன்னார். கமலம் பலமுறை ஆம்பூர் பஸ் நிலையம் வரை போய்த் திரும்பினாள்.

சம்பத் இறந்த வருடமே இல்லத்தையும் மூட ஏற்பாடானது. காரியம் முடிந்த மறுநாள் கமலம் போனாள். கேட்டருகே வந்த ஜோதி, "யாரைப் பாக்கணும் ஆயா?" என்று கேட்டாள். கமலம் கம்பி வழியாகக் கையை நீட்டினாள். அந்தக் கையைத் தொட்ட பிறகுதான் ஜோதிக்கு விளங்கியது.

"அப்பாவுக்குக் கோவம் ஆறிடுச்சாம்மா?"

"ஆறிடுச்சு" என்றாள் கமலம்.

தெருவில் பேத்தியா என்று கேட்டார்கள். "பொண்ணு. ஜோதி. பெங்களூர்னு சொன்னதெல்லாம் பொய்" என்று கமலம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஜோதியோடு ஒரே பெஞ்சில் படித்த எதிர்வீட்டு புஷ்ரா வெளியே வந்தாள். அவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது. ஜோதியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மாற்றுத் துணி இல்லாமல் வந்திருக்கிறாள் என்பதைக் கவனித்து உள்ளே போய், பிளஸ் ஒன் படிக்கும் தன் மகளின் சுடிதார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அளவு சரியாக இருந்தது.