ஐம்பத்துநாலு பிறை வாசித்த கிணறு

சுனாமி வந்து நாற்பதாம் நாள், வியாழக்கிழமை பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்த கையோடு, சாய்ந்தமருதில் ஷரிபுதீனின் வளவுக் கிணறு கிட்டார் வாசிக்கத் தொடங்கியது. அந்த நாட்களில் கல்முனைச் சந்தையில் மீன் சீந்துவாரற்றுக் கிடந்தது. ஆட்களைக் கொண்டுபோன கடலின் மீனைத் தின்ன யாருக்கும் மனம் வரவில்லை. வளவில் வீடு இல்லை, மதில் இல்லை, வீட்டின் முன்னறையாக இருந்த றேடியோ கடையும் இல்லை. கிணற்றுக் கட்டு மட்டும் முழுசாக நின்றது. கூடாரத்துக்கு வெளியே பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த ஷரிபுதீன், எங்கோ ஒரு றேடியோ பாடுகிறது என்றுதான் முதலில் நினைத்தார். அந்தக் கரையில் பாடக்கூடிய றேடியோ ஒன்றுமே மிஞ்சவில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. பத்தொன்பது வருசமாக அங்கே அவர் கை படாத றேடியோ கிடையாது, அவருக்குத் தெரியாதா?

அன்று அவர் தன் மனைவி றபீக்காவுக்கு நாற்பதாம் கத்தம் ஓதியிருக்க வேண்டும். ஓதவில்லை. கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஈயக்கம்பி வாங்கக் கல்முனைக்குப் போயிருந்தார், றபீக்கா அடுப்படியில் இருந்தாள். திரும்பி வந்தபோது அடுப்படியும் இல்லை, றபீக்காவும் இல்லை. மய்யித்து கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்குப் பள்ளியில் காயிப் ஜனாஸா தொழுதார்கள். பெயர் கேட்டு வந்த மௌலவியிடம், "என்ட பொண்டாட்டிர பேரச் சேக்காதீங்க" என்று ஷரிபுதீன் சொல்லிவிட்டார். மரண அத்தாட்சிப் படிவத்திலும் கையெழுத்து வைக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லாத மனுசன், வற்புறுத்தவும் ஆளில்லை.

கிணறு வாசித்தது ஒரே கிட்டாரை அல்ல. ஒவ்வொரு வாசிப்புக்கும் முன்னால் ஓர் ஆண் குரல் தண்ணீருக்குள்ளிருந்து தமிழில் பேசியது. "இப்ப வாசிக்கிறவன் சார்லி கிறிஸ்டியன். கசநோயில இருவத்தஞ்சு வயசில செத்துப்போனவன். கேட்டுப் பாருங்க, சாகப்போறவன் வாசிக்கிற மாதிரியா இரிக்கி?" அந்தக் குரலை ஷரிபுதீன் உடனே மட்டுக்கட்டினார். மட்டக்களப்புப் பறங்கியரான றாகல் ஐயா. எட்டு வருசத்துக்கு முன்னால் காதில் வயர் மாட்டிக் கேட்கிற ஒரு கசட் பிளேயரையும், ஒரு பெட்டி நிறைய கசட்டுகளையும் கொண்டுவந்து, பிளேயரைத் திருத்தி, கசட்டுகளைப் போட்டுப் பார்த்து வைக்கச் சொன்னவர். இருபத்தேழு கசட், தானே அறிவிப்புச் சொல்லிப் பதிந்தவை, பழைய மேல்நாட்டு ஜாஸ் கிட்டார்காரர்கள் என்றார். பிறகு அவுஸ்திரேலியாவுக்கு விசா வந்த அவசரத்தில் திரும்பி வராமலே போய்விட்டார். கடை வழக்கம் என்னவென்றால், மூன்று வருசம் ஆள் வராத சாமானைக் கழற்றிப் பாவிக்கலாம். ஷரிபுதீன் பிளேயரை றபீக்காவுக்குக் கொடுத்து, "இந்தக் கூத்தையெல்லாம் அழிச்சுப்போட்டு, அதுல மௌலவிமார்ர பயான் பதிஞ்சு கேளு புள்ள" என்றார். அவள் ஒரு மாதம் கழித்து, எல்லாம் அழித்துப் பதிந்தாயிற்று என்றாள். இருபத்தேழு கசட்டிலும் அவள் கையால் பயான் ஒன்று, பயான் இரண்டு என்று எழுதியிருந்ததை அவர் தன் கண்ணால் பார்த்தார்.

இப்போது கிணறு சொல்கிறது, ஒன்றுகூட அழிக்கப்படவில்லை என்று. அலை அந்தப் பெட்டியை அடுப்படியிலிருந்து தூக்கிக் கிணற்றுக்குள் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதில் ஷரிபுதீனுக்கு அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. ஈரமான கசட் பாடாது என்பது மெக்கானிக்குத் தெரியும்தான், ஆனால் கடல் வீதிக்கு வராது என்பதும் டிசம்பர் வரை எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. அவரைச் சுட்டது வேறொன்று. பத்தொன்பது வருசம் ஒரு பாயில் படுத்தவள், ஐந்து வருசமாகக் காதுக்குள் எதை வைத்துக் கேட்டாள் என்பதே அவருக்குத் தெரியாமல் போயிற்றே.

அடுத்த பிறை கண்டதும் பக்கம் மாறியது. அதன்பிறகு பிறைக்கு ஒரு பக்கம். ஒரு மாதம் முழுக்க அஸருக்குப் பிறகு அதே பக்கம், அடுத்த பிறைக்கு அடுத்த பக்கம். ஷரிபுதீன் கிணற்றுக் கட்டில் முதுகைச் சாய்த்துக் கேட்டார். தீயில் இடது கை வெந்து இரண்டு விரல் மடங்கிப்போக, மிச்ச இரண்டு விரலால் ஓடி ஓடி வாசித்த ஜாங்கோ றைன்ஹார்ட்டைக் கேட்டபோது, விரல்களை எண்ணி எண்ணிப் பார்த்தும் அந்தக் கணக்கு அவருக்குச் சரிவரவே இல்லை. மூன்றாம் பிறைக்கு வெஸ் மொன்கொமறி வந்தார். பகலெல்லாம் தொழிற்சாலையில் வேலை, வீட்டுக்கு வந்து வாசித்தால் அயலவர்களுக்குக் கரைச்சல், அதனால் சத்தம் மெத்தென்று விழப் பெருவிரலால் வாசித்துப் பழகியவன் என்று றாகல் ஐயா சொன்னார். ஷரிபுதீன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். றபீக்காவின் பெருவிரல்! அரிசி புடைக்கும்போது சுளகு விளிம்பில் அவள் பெருவிரல் தட்டும். தாளம் விழ வேண்டிய இடத்தில் விழாது, சற்றுப் பிந்தி விழும். நரம்பு வருத்தம் என்று பயந்து, லெப்பையிடம் கொண்டுபோய் மூன்று வெள்ளிக்கிழமை தண்ணி ஓதிக் குடிக்கக் கொடுத்தார் மனுசன். அவளும் மறுபேச்சுப் பேசாமல் குடித்தாள். அதை நினைத்து அன்று அவர் சிரித்தார், சிரித்து முடிக்க முடியாமல் அழுதார்.

ஊர் என்ன சொன்னது? ஊர் சும்மா இருக்குமா? கிணறு வாசிப்பது ஆகுமா கூடாதா என்று மௌலவியிடம் போனார்கள். அவர் வந்து எட்டிப் பார்த்து, நின்று ஒரு பக்கம் முழுக்கக் கேட்டுவிட்டு, "மனிசருக்குத்தான் பத்வா குடுக்கலாம், கிணத்துக்கு எப்பிடிக் குடுக்கிற? தண்ணி சுத்தமா எண்டு மட்டும் பாருங்க" என்று போய்விட்டார். தண்ணீர் உப்பாகத்தான் இருந்தது. உப்பேறிய கிணறுகளை இறைக்கும் தொண்டு அமைப்பு ஒன்று இயந்திரத்தோடு வந்தது. தண்ணீர் இறங்க இறங்க, கிட்டார் பெட்டரி இறங்கின பிளேயர் மாதிரி இழுபட்டுத் தடித்தது. ஷரிபுதீன் ஓடிப்போய்க் குழாயைக் கட்டிப்பிடித்து நிறுத்தினார். இறைத்த மற்றக் கிணறுகளில் உப்பு இன்னும் ஏறியது. ஷரிபுதீனின் கிணறு இரண்டு மாரி கழித்துத் தானாகவே இனித்தது, அதற்கும் யாரும் காரணம் கேட்கவில்லை.

அந்த வருசமே சொறிக்கல்முனையிலிருந்து சீனித்தம்பி என்கிற கமக்காரர் சைக்கிளில் வந்தார். கையில் ஷரிபுதீனின் கடைத் துண்டு, திருத்தக் கொடுத்த சாமானுக்கு எழுதிக் கொடுக்கிற ரசீது. அவருடைய மகன் பிரசாந் கோயில் பாட்டுக்குழுவில் கிட்டார் அடிக்கிறவன், கரகரத்த அம்ப்ளிபயரைத் திருத்தக் கொடுத்திருந்தான். கொடுத்த கிழமையே இயக்கம் அவனைப் போருக்குக் கொண்டுபோய்விட்டது. வன்னியில் இருக்கிறான், வந்தால் கேட்பான் என்றுதான் தகப்பன் துண்டோடு வந்தார். ஷரிபுதீன் கிணற்றைக் காட்டினார். "திருத்தி வெச்சிரிந்தன் அண்ணன். அதும் உள்ளுக்குத்தான் கிடக்கு." சீனித்தம்பி எட்டிப் பார்த்தார். வாசிப்பைக் கேட்டார். துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "மறுகா வாறன் காக்கா" என்று, அண்ணனை முஸ்லிம்கள் அழைக்கும் முறையிலேயே சொன்னார். அதன்பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார். கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தாலும் சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். தமிழ், முஸ்லிம் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவரையொருவர் பார்க்கப் பயந்த நாட்களிலும் வந்தார். கிணற்றுக் கட்டில் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் இவர். மகனைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் சொன்னார். "நல்லா வாசிப்பான் காக்கா. ஒரு பிழை மட்டும் வரும். கிட்டார் கழுத்தில நாலாம் கட்டுக்குத் தாவக்குள்ள சின்ன விரல் வழுக்கிரும். நான் ஏசுவன்."

ஒன்பதாம் பிறையில்தான் ஷரிபுதீனுக்கு அந்தச் சத்தம் பிடிபட்டது. இரண்டு வாசிப்புக்கு நடுவில், பதிவுப் பொத்தான் அமுங்கி உடனே நிமிர்கிற 'டொக்'. கூடவே றபீக்காவின் வளையல் குலுங்கல், ஒரு சின்ன இருமல். அழிக்கத்தான் அவள் பொத்தானை அழுத்தியிருக்கிறாள், கை வரவில்லை. ஒரு தடவை அழுத்தியவள் இன்னொரு தடவையும் அழுத்தியிருப்பாளே? எங்கேயாவது ஒரு சொல் பேசியிருக்க மாட்டாளா? அன்றிலிருந்து அவர் கிட்டாரை மட்டும் கேட்கவில்லை. ஐம்பத்துநாலு பக்கம், ஐம்பத்துநாலு பிறை. அவள் பேசும்வரை அவள் மவுத்து இல்லை, சாகவில்லை என்று மனதில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

கடலிலிருந்து அறுபத்தைந்து மீற்றருக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. வயலை நிரப்பிக் கட்டிய வீடுகளுக்கு சனம் போனது. ஷரிபுதீனுக்கும் ஒரு வீடு இருந்தது, மரண அத்தாட்சி கொடுத்தால் அவர் பெயரிலேயே எழுதித் தருவார்களாம். "எங்கட பக்கம் ஊடு வளவெல்லாம் பொண்ணுக்குத்தான் சேர், நான் கலியாணம் முடிச்சு இஞ்ச வந்தவன். கிணறும் அவட சீதனம். அவக்கிட்டக் கேக்காம நான் எப்பிடிப் போற?" என்றார். எப்போது கேட்பீர்கள் என்று அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "இன்னும் முப்பத்தொரு பிறை இரிக்கி." அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். அவருக்கும் கடலில் ஆள் போயிருந்தது.

வருசங்கள் போயின. போர் கிழக்கை விட்டு வடக்கே ஏறியது. சீனித்தம்பியின் கன்னம் ஒட்டியது. இரண்டாயிரத்து ஒன்பது சித்திரை கடைசியில் ஐம்பத்துநாலாவது பிறை பட்டது. கடைசிப் பக்கத்தில் மொன்கொமறியின் பெருவிரல் ஓய்ந்ததும் 'டொக்' என்றது. பிறகு றபீக்கா பேசினாள்.

"இஞ்சாருங்க... இது பதியுதா தெரியா. நான் உங்களுக்குப் பொய் சொன்ன. ஒண்டையும் அழிக்கல்ல, அழிக்க மனம் வரல்ல, மன்னிச்சுக்கங்க. ஒருக்காக் கேளுங்களன் எண்டு எத்தின தரம் வயரை நீட்டின. எட்டு றேடியோ கேட்ட காது, உடு புள்ள எண்டு சொல்லிருவீங்க. பறவால்ல. மழைக்குக் கடை பூட்டுற ஒரு நாளைக்கு ரெண்டு பேரும் இரிந்து கேப்பம், என்ன? ...அல்லாஹ், பால் பொங்குது."

அவ்வளவுதான். அந்த மாதம் முழுக்க, நாள் தவறாமல், றபீக்காவின் பால் பொங்கியது. ஷரிபுதீன் கிணற்றுக்குள் குனிந்து, "ஓம் புள்ள, கேட்டுட்டுத்தான் இரிக்கன்" என்று பதில் சொன்னார். பத்தொன்பது வருசத்தில் அவள் பேச்சை அவர் இப்படிக் கேட்டதே இல்லை. வைகாசியில் ஒரு நாள் கல்முனைப் பக்கம் வெடி கொளுத்தினார்கள். போர் முடிந்துவிட்டதாம். அன்று மட்டும் வெடிச் சத்தத்தில் அவள் குரல் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை சீனித்தம்பி வரவில்லை.

அடுத்த பிறைக்குக் கிணறு வாய் திறக்கவில்லை. கசட் முடிந்துவிட்டது. ஷரிபுதீன் பள்ளிக்குப் போய், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு றபீக்காவுக்குக் காயிப் ஜனாஸா தொழ வேண்டும் என்றார். மௌலவி, "நாலரை வருசம் கழிச்சா?" என்று கேட்கவில்லை, நல்ல மனுசன். தொழுதார்கள். மரண அத்தாட்சிப் படிவத்திலும் கையெழுத்து வைத்தார். எழுத்து நேராகத்தான் விழுந்தது. அஸருக்குப் பிறகு பழக்கத்தில் கிணற்றடிக்கு வந்தபோது சீனித்தம்பி அங்கே இருந்தார். மகனைத் தேடி முகாம் முகாமாக அலைந்த களை, சவரம் செய்யாத முகம். பட்டியலிலெல்லாம் பார்த்தாராம், பெயர் இல்லையாம். இருவரும் அவரவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அப்போது கிணற்றுக்குள் மெல்லிய இரைச்சல் ஒன்று எழுந்தது. அம்ப்ளிபயர் சூடேறுகிற இரைச்சல். ஷரிபுதீனுக்கு அது கைபட்ட சாமான், கரகரப்பு இல்லாமல் சுத்தமாக இருந்தது. பிறகு கிட்டார். றாகல் ஐயாவின் அறிவிப்பு இல்லை. பெரிய கையும் இல்லை. கோயில் பாட்டுக்குச் சும்மா கட்டுப் பிடிக்கிற ஓர் இளம் கை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலாம் கட்டுக்குத் தாவும்போது சின்ன விரல் வழுக்கியது.

சீனித்தம்பி எழும்பவில்லை, அழவில்லை. "ஏசினது பிழை காக்கா" என்றார். திரும்பவும் அந்த இடம் வந்தது, திரும்பவும் வழுக்கியது. வாசிப்பு ஓய்ந்ததும் சட்டைப் பொத்தானைக் கழற்றி, நாலு வருசமாய் மடித்து மடித்து நைந்த துண்டை எடுத்து நீட்டினார். சாமான் கைக்கு வந்தால் துண்டைத் திருப்பிக் கொடுப்பதுதான் கடை வழக்கம்.

ஷரிபுதீன் அதை வாங்கிப் பார்த்தார். தன் கையெழுத்தில் பிரசாந் என்று எழுதியிருந்தது. அன்று பகலில்தான் இன்னொரு தாளில் அவர் கையெழுத்து வைத்திருந்தார், அதன் பாரம் கையிலேயே இருந்தது. துண்டைப் பழைய மடிப்பிலேயே மடித்து சீனித்தம்பியின் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

"வெச்சிருங்க அண்ணன். சாமான் இன்னும் கையில தரல்லயே."

"இது எத்தின பிறைக்கு வாசிக்கும் காக்கா?"

"கசட் எண்டா எண்ணலாம். இது கசட் இல்லயே."

"அப்ப நாளைக்கும் வாறன்" என்று சொல்லி சீனித்தம்பி சைக்கிளை எடுத்தார். ஷரிபுதீன் வயல் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனாலும் அஸருக்கு வளவுக்கு வந்துவிடுவார். அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ள வருகிற பெண்கள் அந்த நேரம் வாளியை இறக்குவதில்லை. பொடியன் வாசித்து முடிக்கட்டும் என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார்கள், முடிந்ததும் அள்ளிக்கொண்டு போவார்கள்.